வீடியோ காலில் பார்த்தே சக்கர நாற்காலிக்கு அளவெடுக்க முடியுமா?

அம்மாவை அவ்வளவு தூரம் காரில் கூட்டிப்போக முடியாது, வீடியோவிலேயே பார்த்து வீல்சேர் செய்து தருகிறோம் என்கிறார்கள், நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நம்பலாம். ஆனால் போனைப் பிடிக்க ஒருவர், அம்மாவைத் தொட்டுப் பார்க்க ஒருவர் என்று இரண்டு பேர் வீட்டில் இருக்க வேண்டும். தொட்டுப் பார்ப்பவர் பிசியோதெரபி தெரிந்தவராக இருந்தால் நிம்மதி.

நான் டாக்டர் இல்லை, எங்கள் வீட்டில் நடந்ததைத்தான் சொல்கிறேன். ஊர் திருவாரூர் பக்கம். அண்ணன் 2020ல் தென்னை மரத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. முதல் நாற்காலி ஒரு முகாமில் கிடைத்தது. வந்திருந்த எல்லோருக்கும் ஒரே அளவு, 18 அங்குல இருக்கை. அண்ணனுக்கு இடுப்பு அகலம் 14 அங்குலம்தான், யாரும் டேப் வைத்துப் பார்க்கவில்லை. இரண்டு பக்கமும் இடம் கிடந்ததால் மெல்ல மெல்ல இடதுபக்கம் சாய்ந்தே உட்காரப் பழகிவிட்டார். வலி தெரியாது அல்லவா? ஒருநாள் துணி மாற்றும்போது அண்ணிதான் பார்த்தார், உட்காரும் எலும்பு இருக்கிற இடத்தில் ஐந்து ரூபாய் நாணயம் அகலத்துக்குப் புண். ஆற ஐந்து மாதம் ஆனது, அத்தனை நாளும் குப்புறப் படுத்தபடி. அந்த ஐந்து மாதத்தை என்னால் மன்னிக்கவே முடியாது.

2022ல் சென்னையில் ஒரு மறுவாழ்வு மையத்தில் விசாரித்தோம். 300 கிலோமீட்டர் உட்கார்ந்தே வந்தால் ஆறின புண் மறுபடி பிரிந்துவிடும், வீடியோவில் பார்க்கலாம் என்று அவர்களே சொன்னார்கள். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வரும் பிசியோதெரபி தம்பியிடம் கேட்டதும், தான் வருகிற நாளிலேயே வைத்துக்கொள்ளலாம் என்றார்.

கைலியைத் தொடைவரை மடித்துக் கட்டி, மர பெஞ்சில் உட்காரவைத்தோம். தையல் டேப் வேண்டாம், அது வளையும் என்றார் வீடியோவில் அந்தப் பக்கம் இருந்த தெரபிஸ்ட் அம்மா. இடுப்புக்கு இரண்டு பக்கமும் தடி நோட்டு ஒவ்வொன்றை ஒட்டி நிறுத்தி, நடுவில் இரும்பு டேப். அப்புறம் பிட்டத்தின் பின்பக்கத்திலிருந்து முழங்கால் மடிப்பு வரை, அதில் இரண்டு விரல் கழித்தால் இருக்கையின் ஆழம். கழிக்காவிட்டால் விளிம்பு முழங்காலுக்குப் பின்னால் அழுத்தி, ஆள் முன்னால் சறுக்கிச் சறுக்கி வந்துவிடுவாராம்.

பிறகு நாற்காலியில் போடுகிற மெத்தைமேல் உட்காரவைத்து, அந்த உட்காரும் எலும்புக்கு அடியில் கையை விடச் சொன்னார். அண்ணி விட்டார். "விரல் நுனியை மேலும் கீழும் ஆட்ட முடியுதாம்மா?" வலதுபக்கம் ஆடியது. இடதுபக்கம் அசையவே இல்லை, கையை உருவி எடுக்கவே சிரமப்பட்டார். தம்பி இடுப்பெலும்பின் இரண்டு முனையிலும் கட்டைவிரலை வைத்துக் காட்டினார், இடது முனை ஒரு விரல் அளவு தாழ்ந்திருந்தது. திரையில் நேராகத் தெரிந்த ஆள்! துண்டை மடித்து இடதுபக்கம் அடியில் கொடுத்ததும் நிமிர்ந்தது. நிமிரக்கூடிய சாய்வு, மெத்தையிலேயே சரிசெய்யலாம் என்றார்கள். தொடாமல் விட்டிருந்தால் பழைய புண்ணுக்கே புது நாற்காலி வாங்கியிருப்போம்.

நேரில் போயிருந்தால் தெரியாமலே போயிருக்கும் விஷயமும் ஒன்று உண்டு. போனை எடுத்துக்கொண்டு வீடு முழுக்க நடக்கச் சொன்னார். கழிவறைக் கதவு 24 அங்குலம். முதலில் பேசிய மாடல் சக்கரத்தோடு 25. அங்கேயே மாற்றிவிட்டார்.

வீடியோவில் வைத்தியமா என்று சண்டைக்கு வருகிறவர்களுக்கு: 2020 மார்ச்சிலேயே டெலிமெடிசினுக்கு நம் நாட்டில் வழிகாட்டுதல் வந்துவிட்டது. அதற்காக எல்லோருக்கும் இது போதும் என்று சொல்லவில்லை. முதுகு வளைந்து இறுகிப்போனவர்கள், உடம்பு விறைப்பு அதிகமுள்ள குழந்தைகள், உடலுக்கு அச்செடுத்து இருக்கை செய்ய வேண்டியவர்கள் நேரில்தான் போக வேண்டும்.

இவ்வளவு பாடுபட்டு நாற்காலி வாங்கி, முதல்முறை அண்ணன் தானே உருட்டிக்கொண்டு வங்கிக்குப் போனார். வங்கி மாடியில். லிப்ட் இல்லை, சாய்தளம் இல்லை. ரோட்டோரத்தில் வெயிலில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில், விதிகள் வந்த ஐந்து வருடத்துக்குள் மக்கள் வந்துபோகும் கட்டடங்களை எல்லாம் மாற்ற வேண்டும் என்று இருக்கிறது. விதிகள் வந்தது 2017ல். கணக்குப் போட்டுப் பாருங்கள். கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சரி, உங்கள் அம்மா விஷயம். பணம் கட்டுவதற்கு முன்னால், நாற்காலி வந்ததும் அதில் உட்காரவைத்து இன்னொரு முறை வீடியோவில் பார்ப்பீர்களா என்று கேளுங்கள். எங்களுக்குப் பார்த்தார்கள், கால்மிதி ஒரு அங்குலம் தாழ்ந்திருந்ததை அன்றைக்குத்தான் கண்டுபிடித்து ஏற்றினோம். பார்க்க மாட்டோம் என்றால் அங்கே வாங்காதீர்கள்.