கத்திரி யார் கையில்? – வாசகர் கடிதம்

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். விலங்கியல் படித்துவிட்டு, சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் வீட்டுக்கு மருமகளாக வந்தவள் நான். அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு நடந்தே ஏறியதைப் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். 20 கொண்டை ஊசி வளைவுகளும் கெண்டைக்கால் வலியும் நன்றாக வந்திருந்தன. ஆனால் தசைச் செல்களைப் பற்றிச் சொல்லும் இடத்தில், செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் உறுப்பைப் பற்றி, ‘மைட்டோகாண்ட்ரியா தன்னைத் தானே வெட்டிக்கொண்டு பெருகுகிறது’ என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் பட்டறையில் வெள்ளிக் கம்பியைக் குச்சியில் சுற்றி, அந்தச் சுருளை வெட்டி, வளையங்களாக்கிக் கோத்துப் பற்றவைப்பார்கள். கம்பி தானாக வெட்டுப்பட்டு நான் பார்த்ததில்லை. மைட்டோகாண்ட்ரியாவை வெட்டும் கத்திரி யார் கையில் இருக்கிறது? எந்த இடத்தில் வெட்டுவது என்று எப்படித் தெரிகிறது? செல் பிரியும்போது மட்டும்தான் இது நடக்குமா?

க.

அன்புள்ள க.,

அந்த வரி தவறுதான். ஓசைக்கு ஆசைப்பட்டு எழுதினேன், மாட்டிக்கொண்டேன்.

உங்கள் கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். செல் பிரியாவிட்டாலும் நடக்கும். பிறந்த பிறகு ஏறக்குறைய பிரிவதையே நிறுத்திவிட்ட நரம்புச் செல்லிலும் மைட்டோகாண்ட்ரியா வெட்டுப்பட்டுக்கொண்டும் ஒட்டிக்கொண்டும்தான் இருக்கிறது. மைட்டோகாண்ட்ரியாவை அவரை விதை போல வரைந்திருக்கும் புத்தகப் படம் இதை மறைத்துவிடுகிறது. கல்லூரியில் வெங்காயத்தின் உள்தோலை உரித்து, ஜேனஸ் பச்சைச் சாயம் விட்டு, ஜன்னல் வெளிச்சத்தைக் கண்ணாடியில் திருப்பி நுண்ணோக்கியில் பார்த்தேன். நீலப் பச்சையாகப் புள்ளிகள், குட்டையான இழைகள், எல்லாம் நகர்ந்துகொண்டிருந்தன. கண்டபடியே வரைந்தேன். ரெக்கார்டு நோட்டில் சிவப்பு மையால் அடித்துவிட்டு, ‘அவரை விதை வடிவம்’ என்று எழுதித் தந்தார்கள். இழை, குருணை என்ற இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்துத்தான் 1898-ல் கார்ல் பெண்டா அதற்குப் பெயரே வைத்தார் என்பது எனக்குப் பல வருடங்கள் கழித்துத் தெரிந்தது. சிவப்பு மை இன்னும் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

இனி கத்திரி. நம் செல்களில் அதன் பெயர் டி.ஆர்.பி.1. சவ்வை நெரித்து வெட்டும் டைனமின் குடும்பத்துப் புரதம். செல்லின் திரவத்தில் சும்மா மிதந்துகொண்டிருக்கும். மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வில் இதற்கென்று கொக்கி போலச் சில புரதங்கள் உண்டு. அவை கூப்பிட்டதும் வந்து ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு இழையைச் சுற்றிச் சுருளாகும். பிறகு ஜி.டி.பி. என்ற மூலக்கூறை உடைத்து, அந்த ஆற்றலில் சுருளை இறுக்கும். உங்கள் பட்டறையில் சுருள்தான் வெட்டுப்படுகிறது. இங்கே சுருள்தான் வெட்டுகிறது.

ஒரு சிக்கல் உண்டு. மைட்டோகாண்ட்ரியாவின் தடிமன் சாதாரணமாக அரை மைக்ரான் அளவு. டி.ஆர்.பி.1 சுருளின் அளவு அதைவிடச் சிறியது. ஆகவே சுருள் விழுவதற்கு முன்பே இடுப்பை யாராவது பிடித்து ஒடுக்கித் தர வேண்டும். சுற்றுவதற்கு முன் கம்பியை அச்சில் இழுத்து மெலிய வைப்பீர்கள் அல்லவா, அந்த வேலை. அதைச் செய்வது பக்கத்து வீட்டுக்காரரான எண்டோபிளாச வலை, அதாவது செல்லுக்குள் பரவியிருக்கும் சவ்வுக் குழாய்ப் பின்னல். அதன் குழாய்கள் மைட்டோகாண்ட்ரியாவைச் சுற்றி வளைத்து நெருக்கும் இடத்தில்தான் பெரும்பாலும் வெட்டு விழுகிறது என்பதை 2011-ல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் ஜீயா வோல்ட்ஸின் குழு காட்டியது. டி.ஆர்.பி.1 வருவதற்கு முன்பே அங்கே இடுப்பு ஒடுங்கியிருந்தது. செல்லின் சட்டகமான ஆக்டின் புரத இழைகளும் இந்த நெருக்கலுக்குக் கை கொடுக்கின்றன.

கத்திரியும் வெளியார், பிடிப்பவரும் வெளியார். மைட்டோகாண்ட்ரியாவுக்கென்று சொந்த டி.என்.ஏ. இருக்கிறது. மனிதரில் 16,569 எழுத்துகள், 37 ஜீன்கள். அவற்றில் புரதம் செய்யக் குறிப்புத் தருபவை 13 மட்டுமே. ஒன்றுகூட வெட்டும் வேலைக்கானதல்ல. வெட்டும் புரதங்களின் குறிப்பெல்லாம் செல்லின் உட்கருவில் இருக்கிறது. இத்தனைக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் முன்னோர் தனியே வாழ்ந்த பாக்டீரியா. பாக்டீரியா இரண்டாகும்போது வளையத்தை உள்ளேயிருந்து கட்டி இறுக்கும். அந்தப் பழைய உள்வளையம் சில பாசிகளின் மைட்டோகாண்ட்ரியாவில் மிஞ்சியிருக்கிறது. நம்மிடம் அது தொலைந்துபோய், வெளிச்சுருள் மட்டும்தான். குடிவந்தவருக்குச் சோறு போட்டு, கத்திரியை மட்டும் வீட்டுக்காரர் வாங்கி வைத்துக்கொண்டார்.

எங்கே வெட்டுவது என்பது உங்கள் கேள்விகளிலேயே ருசியானது. எண்டோபிளாச வலை தொடும் இடம் என்று சொன்னேன். அது எங்கேயோ தொடுவதில்லை. மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ. நகலெடுக்கப்படும் இடங்களிலும் அந்தத் தொடுகை இருப்பதை 2016-ல் ஜோடி நன்னாரியின் குழு கண்டது. நகல் தயாராகும் இடத்துக்குப் பக்கத்தில் வெட்டினால் இரண்டு துண்டுக்கும் ஒரு பிரதி கிடைத்துவிடும். பாகப் பிரிவினையில் பத்திரத்துக்கு நகல் போட்ட பிறகு வேலி போடுவது போல.

எல்லா வெட்டும் பாகப் பிரிவினையும் அல்ல. 2021-ல் சுவிட்சர்லாந்தின் லோசானில் சுலியானா மேன்லியின் குழு, வெட்டு விழும் இடத்தை அளந்து பார்த்தது. நடுவில் விழுந்தால் அது பெருக்கம். நுனியிலிருந்து கால் பங்குக்குள் விழுந்தால் பெரும்பாலும் அது கழிவு. நுனியில் சேர்ந்துவிட்ட பழுதான பகுதியை நறுக்கி, செல்லின் குப்பைத் தொழிற்சாலையான லைசோசோமுக்கு அனுப்பும் ஏற்பாடு. அந்த நுனி வெட்டில் லைசோசோம் முன்கூட்டியே வந்து ஒட்டிக்கொண்டு நிற்கிறது. இரண்டுக்கும் சுருள் அதே டி.ஆர்.பி.1தான், கூப்பிடும் கொக்கிதான் வேறு. சேதாரத் துண்டைத் தனியாகப் போட உங்கள் பட்டறையிலும் ஒரு டப்பா இருக்கும் என்று நினைக்கிறேன். அந்த வெள்ளியை உருக்கி மறுபடி கம்பியாக்குவீர்கள். லைசோசோமும் அதைத்தான் செய்கிறது.

பற்றவைப்பதும் உண்டு. வெளிச்சவ்வுகளை மைட்டோஃபியூசின் என்ற புரதங்களும், உள்சவ்வுகளை ஓ.பி.ஏ.1 என்ற புரதமும் இணைக்கின்றன. ஓ.பி.ஏ.1 ஜீனில் பழுது வந்தால் கண் நரம்பு மெலிந்து பார்வை குறையும் பரம்பரை நோய் வரும். அதைத் தனியாக எழுத வேண்டும்.

கட்டுரையில் அந்த வரியை ‘மைட்டோகாண்ட்ரியா வெட்டப்பட்டுப் பெருகுகிறது’ என்று மாற்றிவிட்டேன். கெண்டைக்கால் வலியைப் பற்றி எழுதியதில் மாற்ற எதுவும் இல்லை. அது இன்னும் போகவில்லை.