ஃபேக்டரியில் ஓ.டி. (மிகைநேர வேலை) நன்றாகக் கிடைக்கிறது, இனி கோர்ஸ் படித்து என்ன ஆகப்போகிறது?

தம்பி, எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்து ஆபரேட்டராகச் சேர்ந்திருப்பீர்கள், பேஸ்லிப்பில் மூவாயிரம் ரிங்கிட்டைப் பார்த்ததும் இப்படிக் கேட்கத் தோன்றியிருக்கும். அதே தாளில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு? 1,700 என்றால் அது 2025-இல் மலேசிய அரசாங்கம் வைத்த குறைந்தபட்சம். உங்களுக்கென்று கம்பெனி ஒரு வெள்ளிகூடக் கூட்டித் தரவில்லை. மிச்சமெல்லாம் உங்கள் தூக்கம்.

2008-இல் நான் பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஆபரேட்டர். அடிப்படை 650. குறைந்தபட்ச சம்பளமெல்லாம் 2013-இல்தான் வந்தது. பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், ஞாயிறும் வேலை என்று 1,300 பக்கம் வரும். அந்தத் தைரியத்தில் பழைய காடி ஒன்றை எடுத்தேன், தவணை 410. செப்டம்பரில் அமெரிக்காவில் பேங்க் விழுந்தது, வருஷக் கடைசியில் இங்கே ஆர்டர் நின்றது, ஓ.டி. பூஜ்யம். சேமநிதிப் பிடித்தமும் தவணையும் போக இருநூறுகூட மிஞ்சவில்லை. அம்மா ஒன்றும் சொல்லாமல் கூட்டுக் (சீட்டு) காசை எடுத்து மேசையில் வைத்தார்.

ஓ.டி. காசுக்கு இபிஎஃப்பும் (ஊழியர் சேமநிதி) கிடையாது. முதலாளி போடும் 13 விழுக்காடு அடிப்படைக்கும் அலவன்சுக்கும்தான்.

எங்கள் லைனில் சிப்பைக் கம்பியால் இணைக்கும் வயர் பாண்டிங் மெஷின். முடியைவிட மெல்லிய தங்கக் கம்பி அறுந்தால் நாங்கள் கையைக் கட்டி நிற்போம். டெக்னீஷியன் வந்து, மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து, கம்பி வரும் முனையான கேப்பிலரியை மாற்றுவார், மெஷின் ஓடும். ஆட்குறைப்பில் எங்களில் பதினொரு பேர் போனார்கள். அவர் போகவில்லை. அதன் பிறகுதான் சனி ஞாயிறுகளில் எஸ்கேஎம் (மலேசியத் திறன் சான்றிதழ்) மூன்றாம் நிலை படித்தேன். டெக்னீஷியன் ஆனதும் அடிப்படை 1,200.

ஓ.டி. செய்யாதே என்று நான் சொன்னதாக யாரும் கிளம்ப வேண்டாம். வீட்டு வாடகை கட்டுகிறவருக்குப் புத்தி சொல்ல நான் யார்? சான்றிதழ் இருந்தும் 'மாண்டரின் தெரியுமா' என்று கேட்டுத் திருப்பி அனுப்பிய இடமும் உண்டு, அதையும் மறைக்கவில்லை.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்கிறேன்: கல்யாண வீட்டில் சிங்கப்பூர் மச்சானின் சம்பளத்தை ரிங்கிட்டாக்க மூன்றால் பெருக்கிச் சொல்லும் மாமாக்களைக் கண்டுகொள்ளாதீர்கள். அங்கே கொடுக்கிற ரூம் வாடகையை ஒருவரும் மூன்றால் பெருக்கி நான் கேட்டதில்லை. பல வருஷக் கடுப்பு.

எந்தக் கோர்ஸ் என்றால், உங்கள் லைனில் மெஷின் நின்றதும் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று பாருங்கள். அவர் எங்கே படித்தார் என்று டீ நேரத்தில் அவரிடமே கேளுங்கள்.