வலிப்புக்கு மூலிகை மருந்து ஆரம்பித்தால் பழைய மாத்திரையை நிறுத்திவிடலாமா?

நிறுத்தாதீர்கள். மாத்திரையால் பிள்ளை எந்நேரமும் தூங்கி வழிகிறது, யாரோ ஒரு வைத்தியரைச் சொல்லியிருக்கிறார்கள், அதனால்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் ஆரம்பித்தது.

கோபி பக்கம் எங்கள் ஊர். தம்பிக்குப் பதினோரு வயதில் முதல் வலிப்பு. மாத்திரையில் இரண்டு வருடம் ஒன்றும் வராமல் இருந்தபோது, 'காலம் பூரா இதையே தின்னோணுமா சாமி' என்று அப்பாரு மனசு கேட்காமல் ஒரு வைத்தியரிடம் கூட்டிப்போனார். பாசத்தில் செய்தது, அவரைக் குறை சொல்ல மாட்டேன். பொடி ஆரம்பித்த அன்றே மாத்திரை நின்றது. ஒன்பதாம் நாள் மஞ்சக்காட்டுக்குத் தண்ணி கட்டும்போது கீழ்பவானி வாய்க்கால் மேட்டில் விழுந்தான், ஒரு கை தண்ணீரில் கிடந்தது. ஓடி வந்தவர்கள் மம்பட்டியைக் கையில் திணித்தார்கள், நான் ஒருக்களித்துப் படுக்க வைத்து நுரையைத் தாவணியில் துடைத்தேன். நின்றது, நினைவு திரும்புவதற்குள் மறுபடி வந்தது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்ட பிறகுதான் அடங்கியது.

சித்த மருத்துவத்துக்கு எதிரி என்று கிளம்ப வேண்டாம், எம்.பார்ம். என்ற மருந்தியல் மேற்படிப்பில் நான் எடுத்த தலைப்பே வல்லாரைதான். சுண்டெலியின் இரண்டு காதிலும் கிளிப் மாட்டி 0.2 நொடி மின்சாரம் கொடுப்போம். உடம்பு விறைத்து, பின்னங்கால் இரண்டும் வால் பக்கமாக நீண்டு நிற்கும். அது எத்தனை நொடி என்று ஸ்டாப்வாட்சில் பார்த்து எழுத வேண்டும். வல்லாரைச் சத்து கொடுத்த எலிகளுக்கு விறைப்பு சீக்கிரம் விட்டது, அவ்வளவு சந்தோஷப்பட்டேன். பெனிடாயின் என்ற வழக்கமான வலிப்பு மருந்து கொடுத்த எலிகளுக்கோ விறைப்பே வரவில்லை. அதுவும் நல்லா இருந்த எலிக்கு நாங்களாக வரவழைத்த வலிப்பு, தம்பிக்குத் தானாக வருவது வேறு.

செடியிலிருந்து மருந்து வராமல் இல்லை. கஞ்சாச் செடியிலிருந்து பிரித்த கன்னாபிடியாலை, டிராவெட் என்ற கடுமையான வலிப்பு நோய் உள்ள 120 பேரிடம் சோதித்தார்கள். 2017இல் வந்த முடிவில், மாதத்துக்கு 12.4 ஆக இருந்த வலிப்பு இடைநிலைக் கணக்கில் 5.9 ஆனது. ஒப்பிட்டுப் பார்க்க மருந்துச் சத்தே இல்லாத போலி மருந்து எடுத்தவர்களுக்கு 14.9இலிருந்து 14.1தான். அடுத்த வருடமே அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆனால் அந்தச் சோதனையிலும் பழைய மாத்திரையோடு சேர்த்துத்தான் கொடுத்தார்கள். மூலிகைதானே, என்ன கெடுதல் என்பதும் தப்பு. கற்பூரமும் நீலகிரித் தைலமும் வயிற்றுக்குள் போனால் வலிப்பையே வரவழைக்கும். பொடி எதுவானாலும் டாக்டரிடம் காட்டிவிட்டுக் கொடுங்கள்.

இன்னொன்று, நீங்கள் கேட்காததுதான். இந்து திருமணச் சட்டத்தில் வலிப்பைத் தடையாக வைத்திருந்ததை 1999லேயே எடுத்துவிட்டார்கள். எங்கள் ஊரில் யாருக்கும் அது தெரியவில்லை. தம்பிக்குக் கடைசியாக வலிப்பு வந்து ஏழு வருடம் ஆகிறது, சொந்தமாகக் காடு பார்க்கிறான். போன தையில் ஒரு இடம் கூடி வந்தபோது மறைக்காமல் சொன்னோம். மூன்றாம் நாள் ஜாதகம் சேரவில்லை என்று தரகரிடம் சொல்லிவிட்டார்கள். பத்துக்கு எட்டுப் பொருத்தம் என்று பார்த்துச் சொன்னவர்களே அவர்கள்தான்.