போனில் வைஃபை கனெக்ட் ஆகிறது, இன்டர்நெட் மட்டும் வரவில்லை. ஃபேக்டரி ரீசெட் செய்யத்தான் வேண்டுமா?

தயவுசெய்து ரீசெட் அடிக்காதீர்கள். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் அதற்கு அவசியமே இல்லை.

மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் ஃபைபர் இணைப்பை வேறு நிறுவனத்துக்கு மாற்றியிருக்கிறீர்கள். புது ரவுட்டரிலும் வைஃபையின் பெயர், பாஸ்வேர்டு இரண்டும் பழையதே. எல்லார் போனிலும் நெட் வருகிறது. அம்மாவின் ஆண்ட்ராய்டு போனில் மட்டும் ‘கனெக்ட் ஆகியுள்ளது, இன்டர்நெட் இல்லை’ என்று நிற்கிறது. மொபைல் டேட்டா போட்டால் அதே போன் நன்றாக ஓடுகிறது. ஃபேக்டரி ரீசெட் அடித்தால் சரியாகிவிடும் என்று போன் கடையில் சொல்லியிருக்கிறார்கள்.

நான் மதுரைப் பக்கம் வீடுகளுக்கு ஃபைபர் இணைப்பு கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். ரவுட்டர் மாற்றிய வீடுகளில் இந்தப் புகார் அடிக்கடி வரும். ரீசெட் அடித்து முடித்துவிட்டு எங்களைக் கூப்பிடுகிறவர்களும் உண்டு. அதற்குள் பேரன் பேத்தி படங்கள், வாட்ஸ்அப்பில் வந்த வாய்ஸ் மெசேஜ்கள் எல்லாம் போயிருக்கும். வயதானவர்களின் போனில் பேக்கப் ஓடிக்கொண்டிருக்கிறதா என்று பெரும்பாலும் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். இத்தனைக்கும் கோளாறு ஒரே ஒரு செட்டிங்கில் இருந்திருக்கும். மனசு ஆறாது. அதனால்தான் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். வைஃபை வேறு, இன்டர்நெட் வேறு. போனுக்கும் ரவுட்டருக்கும் நடுவில் இருப்பதுதான் வைஃபை. ரவுட்டரிலிருந்து வெளியே போவது ஃபைபர் லைன். ஐகானில் முழுக் கோடுகள் தெரிந்தால் ரவுட்டர் வரைக்கும் சிக்னல் நன்றாக இருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். அந்த ஐகானோடு ஆச்சரியக்குறி வருகிறதே, அது போன் தானாகவே ஒரு சோதனை செய்துவிட்டு வைக்கும் குறி. எந்த வைஃபையில் சேர்ந்தாலும் ஆண்ட்ராய்டு உடனே கூகுள் சர்வர் ஒன்றைத் தொட்டுப் பார்க்கும். அங்கிருந்து ‘204’ என்ற வெற்றுப் பதில் வந்தால் நெட் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளும். பதிலே வராவிட்டால் நீங்கள் பார்க்கும் அந்த வாசகத்தைக் காட்டும். வேறு ஏதாவது பக்கம் வந்து விழுந்தால், இது லாகின் கேட்கும் வைஃபை என்று புரிந்துகொண்டு அந்தப் பக்கத்தைத் திறந்துவிடும். ரயில் நிலையங்களில் ரயில்டெல் கொடுக்கும் வைஃபையில் மொபைல் நம்பரும் ஓடிபியும் கேட்கும் பக்கம் வருவது இந்த வழியில்தான். ஐபோனும் ஆப்பிள் சர்வரிடம் இதே மாதிரி கேட்டுப் பார்க்கிறது.

சரி, உங்கள் வீட்டுக்கு வருவோம். மற்ற போன்கள் ஓடுகின்றன, ஆகவே லைனில் பிரச்சினை இல்லை. மொபைல் டேட்டாவில் ஓடுகிறது, ஆகவே போனும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. பாஸ்வேர்டை ஏற்றுக்கொண்டு கனெக்ட் ஆகிறது, ஆகவே சிக்னலும் பாஸ்வேர்டும் சரி. மிச்சம் இருப்பது, அந்தப் போன் இந்த வைஃபை பெயரோடு சேர்த்து நினைவில் வைத்திருக்கும் செட்டிங்குகள். என் சந்தேகம் முழுக்க ‘ஸ்டேட்டிக் ஐபி’ மேல்தான்.

ரவுட்டரில் சேரும் ஒவ்வொரு போனுக்கும் ஓர் ஐபி எண் வேண்டும். வெளியே போகும் வழி எது என்பதும் தெரிய வேண்டும். அந்த வழிக்குப் பெயர் கேட்வே. வழக்கமாக ரவுட்டரே இரண்டையும் கொடுத்துவிடும், அதுதான் டிஎச்சிபி. அதை விட்டுவிட்டு எண்களை நாமே கையால் எழுதி வைத்தால் அது ஸ்டேட்டிக். உங்கள் பழைய ரவுட்டரின் கேட்வே 192.168.1.1 என்று வைத்துக்கொள்வோம். புதியது 192.168.0.1 ஆக இருக்கலாம். பெயரும் பாஸ்வேர்டும் பழையதே என்பதால் போன் தயங்காமல் சேர்ந்துகொள்ளும். ஆனால் வெளியே போக இல்லாத கேட்வேயைத் தேடிக்கொண்டு நிற்கும். இரண்டு ரவுட்டரும் ஒரே எண் வரிசையில் இருந்தால் தொல்லை வேறு மாதிரி வரும். அம்மாவின் போனில் எழுதி வைத்த அதே எண்ணைப் புது ரவுட்டர் இன்னொரு போனுக்குக் கொடுத்துவிடும். அப்போது நெட் வருவதும் போவதுமாக இருக்கும்.

‘அம்மா எங்கே போய் இதையெல்லாம் மாற்றினார்கள்’ என்று கேட்பீர்கள். அவர்கள் மாற்றியிருக்க மாட்டார்கள். தளத்தின் பெயரை அதன் ஐபி எண்ணாக மாற்றித் தருவதுதான் டிஎன்எஸ். நெட் வேகமாக வர அதை 8.8.8.8 என்று, அதாவது கூகுளின் எண்ணுக்கு மாற்றுங்கள் என்று சொல்லும் வீடியோக்கள் ஏராளம். ஆண்ட்ராய்டில் ஒரு வைஃபைக்கு மட்டும் டிஎன்எஸ் மாற்ற வேண்டுமென்றால், முதலில் ஐபி செட்டிங்கை ஸ்டேட்டிக் ஆக்கினால்தான் அந்தக் கட்டமே திறக்கும். தம்பியோ பக்கத்து வீட்டுப் பையனோ எப்போதோ நல்லெண்ணத்தில் டிஎன்எஸ்ஸை மாற்றியிருப்பார். கூடவே ஐபி எண்ணும் கேட்வேயும் உறைந்து போயிருக்கும். பழைய ரவுட்டர் இருக்கும் வரை ஒரு குறையும் தெரியாது. ஐபோனில் டிஎன்எஸ்ஸுக்குத் தனி இடம் இருப்பதால் அங்கே இந்தச் சிக்கல் இவ்வளவு சுலபமாக வராது.

பார்ப்பது எப்படி? மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள். இதை மறக்கக் கூடாது. டேட்டா ஓடிக்கொண்டிருந்தால் வைஃபையில் நெட் இல்லாதபோது போன் சத்தமில்லாமல் அந்தப் பக்கம் போய்விடும், நீங்கள் எதைச் சோதிக்கிறீர்கள் என்றே தெரியாது. பிறகு வைஃபை செட்டிங்கில் உங்கள் வீட்டு வைஃபையின் பெயருக்குப் பக்கத்தில் உள்ள பற்சக்கரத்தைத் தொடுங்கள். ஐபி முகவரியும் கேட்வேயும் அங்கே தெரியும். நன்றாக ஓடும் இன்னொரு போனிலும் அதே பக்கத்தைத் திறந்து அருகருகே வைத்துப் பாருங்கள். ஐபி எண்ணின் முதல் மூன்று பகுதிகள் இரண்டு போனிலும் ஒன்றாக இருக்க வேண்டும், கேட்வே அப்படியே ஒத்துப்போக வேண்டும். இல்லையென்றால் ‘ஐபி செட்டிங்ஸ்’ என்ற இடத்தில் ஸ்டேட்டிக்கை டிஎச்சிபி ஆக மாற்றிச் சேமியுங்கள். சில போன்களில் அது ‘அட்வான்ஸ்டு’ என்பதற்குள் ஒளிந்திருக்கும். தேட முடியவில்லையா, அந்த வைஃபையை ‘ஃபர்கெட்’ கொடுத்துவிட்டுப் பாஸ்வேர்டு போட்டு மறுபடி சேருங்கள். பழைய எண்களும் அதோடு போய்விடும். உங்கள் பிரச்சினை பெரும்பாலும் இங்கேயே முடிந்துவிடும்.

எண்கள் ஒத்துப்போகின்றன, ஆனாலும் நெட் வரவில்லை என்றால் அடுத்துப் பார்க்க வேண்டியது பிரைவேட் டிஎன்எஸ், அதாவது பெயர்த் தேடலைப் பாதுகாப்பான வழியில் அனுப்பும் செட்டிங். 2018-இல் வந்த ஆண்ட்ராய்டு 9 முதல் இது இருக்கிறது. விளம்பரங்களைத் தடுப்பதற்காகப் பலர் அதில் ஒரு சர்வர் பெயரை எழுதி வைக்கிறார்கள். ‘ஆட்டோமேட்டிக்’ என்று இருந்தால், பாதுகாப்பான வழி கிடைக்காதபோது போன் சாதாரண வழிக்குத் திரும்பிவிடும். பெயர் எழுதி வைத்திருந்தால் திரும்பாது. அந்தச் சர்வரை இந்த வைஃபையிலிருந்து எட்ட முடியவில்லையென்றால் எந்தத் தளமும் திறக்காது. ஆட்டோமேட்டிக்கில் வைத்துப் பாருங்கள். விபிஎன் ஆப், விளம்பரம் தடுக்கும் ஆப் ஏதாவது ஓடுகிறதா என்றும் பார்த்து நிறுத்துங்கள். ரயில் நிலைய வைஃபையில் லாகின் பக்கம் வராமல் அடம்பிடிப்பதற்கும் இவையே காரணமாக இருப்பதுண்டு.

கோளாறு பெயர்த் தேடலில் இருக்கிறதா, வழியில் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு சுலபமான சோதனை உண்டு. பிரவுசரில் முதலில் கேட்வே எண்ணை அடியுங்கள். ரவுட்டரின் லாகின் பக்கம் வந்தால் போனுக்கும் ரவுட்டருக்கும் நடுவில் எல்லாம் சரி. பிறகு 1.1.1.1 என்று அடியுங்கள், அது கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் சர்வர் எண். அந்தப் பக்கம் வருகிறது, அல்லது முகவரி one.one.one.one என்று மாறிவிட்டு நிற்கிறது, ஆனால் பெயர் போட்டு எந்தத் தளமும் திறக்கவில்லை என்றால் குற்றவாளி டிஎன்எஸ்.

தேதியையும் ஒரு முறை பாருங்கள். பேட்டரி முழுக்கத் தீர்ந்து நாள் கணக்கில் கிடந்த பழைய போன்களில் தேதி பல வருடம் பின்னால் போயிருக்கும். தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களுக்கு ஆரம்ப நாளும் முடிவு நாளும் உண்டு என்பதால், தேதி தப்பாக இருக்கும் போன் அவற்றை நம்ப மறுத்துவிடும். வாட்ஸ்அப் மட்டும் ‘உங்கள் போனின் தேதி தவறு’ என்று நேராகவே சொல்லும்.

உங்களுடையது போல இல்லாமல் வேறு விதமாகச் சிக்கிக்கொண்டு இந்தப் பக்கத்துக்கு வருகிறவர்களுக்கும் சில விஷயங்கள்.

கனெக்ட் ஆகாமல் ‘ஐபி முகவரி பெறப்படுகிறது’ என்றே சுற்றிக்கொண்டிருந்தால், அல்லது ஐபோனில் 169.254 என்று தொடங்கும் எண் தெரிந்தால், ரவுட்டரிடமிருந்து எண் வரவில்லை. விசேஷ வீடுகளில் இதைப் பார்ப்பேன். கல்யாணப் பந்தியில் போட்ட இலைகள் நிரம்பிவிட்டால் அடுத்து வருகிறவர் நிற்க வேண்டியதுதானே, அதே கதைதான். ரவுட்டரில் இத்தனை எண்கள்தான் கொடுக்கலாம் என்று ஒரு வரம்பு இருக்கிறது. கொடுத்த எண்ணை, அந்தப் போன் வீட்டைவிட்டுப் போன பிறகும் குறிப்பிட்ட நேரம் வரை வைத்திருக்கும். ரவுட்டர் செட்டிங்கில் அந்த வரம்பைப் பெரிதாக்கலாம். தெரியாவிட்டால் ரவுட்டரை அணைத்துப் போடுங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும்.

விடுதியிலும் அலுவலகத்திலும் பதிவு செய்த போன்களை மட்டும் அனுமதிப்பார்கள். ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் போன் தன் உண்மையான வைஃபை முகவரியை (ஐபி எண் அல்ல, போனோடு வரும் ‘மேக்’ என்ற அடையாள எண்) மறைத்து, ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு போலி முகவரியைக் காட்டுகிறது. நம் பாதுகாப்புக்கு நல்லது. ஆனால் பதிவேட்டில் இருப்பது உண்மையான முகவரி என்றால் உள்ளே விடமாட்டார்கள். அந்த ஒரு வைஃபைக்கு மட்டும் ‘போன் முகவரியைப் பயன்படுத்து’ என்று மாற்றிக்கொள்ளலாம்.

வீட்டில் எந்தப் போனிலும் நெட் இல்லையென்றால் போனைத் தொடவே தொடாதீர்கள், ஃபைபர் வந்து சேரும் பெட்டியைப் பாருங்கள். ‘லாஸ்’ விளக்கு சிவப்பாக மின்னினால் ஃபைபரில் ஒளியே வரவில்லை. எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் அது மாறாது. சோபாவுக்குப் பின்னால் வயர் மடங்கி நசுங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, எங்களைப் போன்றவர்களைக் கூப்பிடுங்கள்.

சிக்னல் பற்றியும் சொல்லியாக வேண்டும். நம் வீடுகளில் ரவுட்டரை எங்கே வைக்கிறார்கள் என்று பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். டிவி அலமாரிக்குள், ஃபிரிட்ஜுக்குப் பின்னால், பெரும்பாலும் இரும்பு பீரோவை ஒட்டி. இரும்பு அலையை விடாது. வைஃபையின் வழக்கமான இரண்டு அலைவரிசைகளில் 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் கான்கிரீட் சுவரைத் தாண்டும்போது தளர்ந்துவிடும், 2.4 தூரம் போகும், ஆனால் பக்கத்து வீடுகளின் ரவுட்டர்கள், புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அதே இடத்தில் நெருக்கியடிக்கும். கூடத்தில், ஆள் உயரத்துக்கு மேல், திறந்த இடத்தில் ரவுட்டரை மாட்டுங்கள். புது ரவுட்டர் வாங்குவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த போனில் மட்டும் வீட்டு வைஃபையின் பெயரே தெரியவில்லை என்றால், ரவுட்டர் 12 அல்லது 13-ஆம் சேனலில் ஓடுகிறதா என்று பாருங்கள். அங்கே 11 வரைதான் வழக்கம். சில போன்கள் அதற்கு மேல் தேடுவதில்லை. 1, 6, 11 மூன்றில் ஒன்றை வைத்தால் தீர்ந்தது.

வைஃபை பட்டனே மங்கலாகிப் போய், ஆன் ஆகவே மறுத்தால் அது வேறு. போனை ஒரு முறை ரீஸ்டார்ட் செய்தும் வராவிட்டால், சிப் பழுதாகியிருக்க வாய்ப்பு அதிகம். அதை எந்த ரீசெட்டும் சரி செய்யாது.

இத்தனைக்கும் மசியவில்லை என்றால் மட்டும் ‘நெட்வொர்க் ரீசெட்’. ஃபேக்டரி ரீசெட்டும் இதுவும் ஒன்றல்ல. சேமித்த வைஃபை பாஸ்வேர்டுகள், புளூடூத் ஜோடிகள், மொபைல் நெட்வொர்க் செட்டிங்குகள் போகும். படம், வாட்ஸ்அப், கான்டாக்ட் எதற்கும் ஒன்றும் ஆகாது. இசிம்மையும் அழிக்கவா என்று தனியாகக் கேட்டால் டிக் வைக்காதீர்கள். 2021-இல் சதவீதக் குறிகள் கொண்ட ஒரு விசித்திரமான வைஃபை பெயரில் சேர்ந்த ஐபோன்களில் வைஃபையே செயலிழந்து போனது. மென்பொருள் பிழை அது, ஐஓஎஸ் 14.7-இல் திருத்தினார்கள். அந்தப் போன்களைக்கூட நெட்வொர்க் ரீசெட்டே மீட்டுக் கொடுத்தது.

கடைக்காரர் மேல் எனக்குக் கோபமில்லை. ஃபேக்டரி ரீசெட் அடித்தால் ஸ்டேட்டிக் ஐபியும் அழியும், நெட்டும் வரும், அவர் சொன்னது பலித்த மாதிரி இருக்கும். ஆனால் ‘ஃபர்கெட்’ கொடுத்தாலே போகிற ஒன்றுக்காக அம்மாவின் படங்களைப் பணயம் வைக்க வேண்டாம்.

டிஎச்சிபிக்கு மாற்றியும் வரவில்லையென்றால், அம்மாவின் போனிலும் ஓடுகிற போனிலும் உள்ள ஐபி, கேட்வே எண்களைக் கமென்ட்டில் எழுதுங்கள். 192.168 என்று தொடங்குபவை வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும் எண்கள், வெளியே சொல்வதால் பாதகமில்லை. ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படமெடுத்துப் போட்டுவிடாதீர்கள், பாஸ்வேர்டு அதில் இருக்கும். பிரைவேட் டிஎன்எஸ் எந்த நிலையில் இருக்கிறது என்பதையும் சேர்த்து எழுதினால், அடுத்து எங்கே பார்ப்பது என்று சொல்கிறேன்.