பிழை காட்டும்போது பக்கத்தில் யார்?

கேள்வி: அம்மா, நான் திருவண்ணாமலையில் பி.எஸ்சி. கணிதம் முதலாண்டு படிக்கிறேன். பிளஸ் டூ வரை தமிழ் வழி, பயாலஜி குரூப். அடுத்த செமஸ்டரில் பைத்தான் என்ற புரோகிராமிங் மொழி ஒரு பேப்பர். கல்லூரி லேபில் வாரம் மூன்று நாள் மாலை 4.15 முதல் 5.45 வரை நடக்கும் வகுப்பில் சேரலாம். இல்லையென்றால் ஐஐடிகளின் இணையப் பாடத் தளமான என்பிடெல்லில் ஆன்லைனாகப் படித்துச் சான்றிதழ் கொண்டுவந்தாலும் கிரெடிட் தருவார்களாம். மாலை வகுப்பு என்றால் போளூர் போய் ஊர் பஸ் பிடித்து வீடு சேர எட்டு மணி ஆகிவிடும், அம்மா பயப்படுகிறார். என்னிடம் போன் மட்டும்தான் இருக்கிறது. ஆன்லைன்தான் சுலபம், அசைன்மென்ட் விடையெல்லாம் டெலிகிராமில் வந்துவிடும் என்கிறாள் தோழி. எதை எடுக்கட்டும்?
ஒரு மாணவி, போளூர் அருகே

பதில்: அம்மா என்று கூப்பிட்டுவிட்டாய், நானும் ‘நீ’ என்றே எழுதுகிறேன். லேபுக்குப் போ. ஆனால் ஒரு நிபந்தனையோடு. அதைப் பிறகு சொல்கிறேன்.

1994-இல் நான் முதன்முதலாகக் கம்ப்யூட்டர் லேபுக்குள் போனபோது செருப்பை வாசலிலேயே விட வேண்டும், கோயில் மாதிரி. உள்ளே ஏசி குளிர், சி மொழியில் புரோகிராம் அடிக்கிற டர்போ சி மென்பொருளின் நீலத் திரை. இரண்டு எண்களைக் கூட்டும் சின்ன புரோகிராம். அடித்து முடித்து ஓட்டினால், ஐந்தாம் வரியில் பிழை என்றது. ஐந்தாம் வரியை எழுத்தெழுத்தாக முக்கால் மணி நேரம் பார்த்தேன். ஒரு தப்பும் இல்லை. அழுகை வருகிற நேரத்தில் பக்கத்து சிஸ்டத்திலிருந்த சீனியர் அக்கா எட்டிப் பார்த்து, “மேல் வரியைப் பாரும்மா” என்றார். நாலாம் வரிக் கடைசியில், வரி முடிந்தது என்று காட்டும் செமிகோலன் இல்லை. அது விட்டுப்போனது அடுத்த வரிக்கு வந்த பிறகுதான், நாம் எழுதியதைக் கணினி மொழிக்கு மாற்றும் கம்பைலருக்கு உறைக்கும். அதனால் அது அடுத்த வரியைக் கைகாட்டும். அந்த அக்கா பேசியது மூன்றே சொல். இல்லாவிட்டால் அன்றே கணினிக்குக் கும்பிடு போட்டிருப்பேன்.

முதல் புரோகிராமிங் பாடத்தில் விளக்கிச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். வேரியபிள், இஃப், லூப், லிஸ்ட், ஃபங்ஷன். இவற்றை வகுப்பறையைவிட வீடியோ நன்றாகவே சொல்லித்தரும். புரியாவிட்டால் பின்னால் தள்ளி நாலு தடவை கேட்கலாம், யாரும் முறைக்க மாட்டார்கள். நீயே அடிக்க உட்காரும்போதுதான் வம்பு. பயனரிடம் இரண்டு எண்களை வாங்கிக் கூட்டச் சொல்வாய். 5, 3 என்று கொடுத்தால் 53 என்று காட்டும். பைத்தான் அவற்றை எண்ணாக அல்ல, எழுத்தாக வாங்கி ஒட்டிவைத்துவிட்டது. ஒன்றிலிருந்து பத்துவரை எண்ணச் சொன்னால் ஒன்பதிலேயே நின்றுவிடும். வரி ஆரம்பத்தில் இடைவெளி கூடக்குறைய இருந்தால் ஓடவே ஓடாது. 2021-இல் வந்த 3.10 பதிப்பிலிருந்து, அடைப்புக்குறியை மூடாமல் விட்டால் அதை பைத்தானே சொல்லிவிடுகிறது, எங்கள் காலத்தைப் போல அடுத்த வரியைக் குற்றம் சொல்வதில்லை. இருந்தாலும் அது சொல்வது ஆங்கிலத்தில். அதைப் படித்து, பதறாமல் திருப்பி ஓட்டுகிற பழக்கம் முதல் மாதத்தில் வந்துவிட்டால் பிழைத்தாய். அந்த ஒரு மாதம் பக்கத்தில் ஆள் வேண்டும். சாராக இருக்க வேண்டும் என்றில்லை, உன்னைவிட ஒரு வாரம் முன்னால் போய்விட்ட தோழி போதும்.

இப்போது உன் தோழியின் டெலிகிராம் கணக்கு. என்பிடெல்லின் 12 வாரப் பாடத்தில் வாராவாரம் அசைன்மென்ட் உண்டு. அதிகம் வாங்கிய எட்டை எடுத்து 25 மதிப்பெண் போடுவார்கள். மீதி 75 கடைசித் தேர்வுக்கு. அந்தத் தேர்வை வீட்டிலிருந்து எழுத முடியாது, தேர்வு மையத்துக்கு நேரில் போய், கண்காணிப்பில் எழுத வேண்டும். அசைன்மென்டில் 25-க்கு 10, தேர்வில் 75-க்கு 30, இரண்டும் தனித்தனியாக இருந்தால்தான் சான்றிதழ். டெலிகிராம் விடை அந்த 25 வரைதான் கூட வரும். பாடத்தில் சேர்வது இலவசம். தேர்வுக்கு 1,000 ரூபாய் தனி.

எனக்கு ஆன்லைன் மேல் கோபம் எதுவும் இல்லை. ஐம்பது வயதில் நானும் ஆசை ஆசையாக ஒரு புள்ளியியல் பாடத்தில் சேர்ந்தேன். நாலாம் வாரம் வீட்டில் கல்யாணம். ஒரு கெடு தவறியது, அப்புறம் இரண்டு. ஏன் வரவில்லை என்று கேட்க ஒரு ஆள் இல்லை. ஒரு நாள் பாஸ்வேர்டே மறந்துபோயிற்று. ஏற்கெனவே கொஞ்சம் புரோகிராம் எழுதத் தெரிந்தவர்களுக்கு ஆன்லைன் நல்ல வசதி. பிளஸ் டூவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தவள் நீ என்றால் ‘தாராளமாக ஆன்லைன்’ என்றிருப்பேன்.

சரி, நிபந்தனைக்கு வருகிறேன். பெயர் கொடுப்பதற்கு முன் ஒரு நாள் அந்த லேபை எட்டிப் பார். ஆளுக்கொரு சிஸ்டம் ஓடுகிறதா, பிள்ளைகள் தாங்களே அடிக்கிறார்களா என்று கவனி. பல இடங்களில் நடப்பது ரெக்கார்ட் நோட்டு லேப். எய்ம், அல்காரிதம், புரோகிராம், அவுட்புட், ரிசல்ட் என்று ஐந்து தலைப்பு போட்டு, போர்டில் இருப்பதைப் பார்த்து எழுதி, ‘புரோகிராம் வெற்றிகரமாக இயக்கிச் சரிபார்க்கப்பட்டது’ என்று முடித்துக் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். இயக்கியவர் எவருமில்லை! நானே அந்த மாதிரி நோட்டுகளில் எத்தனையோ கையெழுத்து போட்டவள்தான், வெட்கமாக இருக்கிறது. உன் லேபும் அந்த ரகம் என்றால் மாலை நேரத்தையும் பஸ் காசையும் அதில் கொட்டாதே. இரண்டு தோழிகளைச் சேர்த்துக்கொண்டு மூன்று பேருமாக என்பிடெல்லில் ஒரே பாடத்தை எடுங்கள். ஐஐடி ரோப்பரின் சுதர்சன் ஐயங்கார் நடத்தும் ‘ஜாய் ஆஃப் கம்ப்யூட்டிங்’ 12 வாரப் பாடம், புதிதாக வருபவர்களுக்கு ஏற்றது.

பஸ் விஷயம் சின்னதல்ல. உன் அம்மாவின் பயம் நியாயமானது, அதை நான் உதறித் தள்ள மாட்டேன். துறைத் தலைவரிடம் போய், வெளியூரிலிருந்து வருகிற பிள்ளைகளுக்கு மதிய வேளையில் ஒரு பேட்ச் வைக்க முடியுமா என்று கேள். தனியாகக் கேட்காதே, உன்னைப் போல் பஸ்ஸில் வருகிறவர்கள் வகுப்பில் எத்தனை பேர் என்று எண்ணி, எல்லோரும் கையெழுத்து போட்டு ஒரு மனுவாகக் கொடுங்கள். நடக்காவிட்டால், அதே ரூட்டில் போகிற இன்னொரு பெண்ணாவது வகுப்பில் சேர்கிறாளா என்று பார். அதுவும் இல்லையென்றால் எட்டு மணிக்குத் தனியாக ஊர் போய்ச் சேர வேண்டாம், மூன்று பேர் ஆன்லைன் ஏற்பாட்டுக்கே போ. அப்படிப் போனாலும் மதிய இடைவேளையில் லேபைத் திறந்துவிடச் சொல்லிக் கேள்.

ஏனென்றால் போன் வீடியோ பார்க்கத்தான் சரிப்படும். பைட்ராய்ட் போன்ற செயலியில் புரோகிராமும் ஓடும்தான். ஆனால் கட்டைவிரலால் அடைப்புக்குறி, கோலன், நாலு இடைவெளி என்று தேடித் தேடி அடிப்பது பெரும்பாடு. ஐந்து வரி பரவாயில்லை, முப்பது வரிக்கு மேல் போனால் வெறுத்துவிடும். வாரத்துக்கு நாலு மணி நேரமாவது நிஜமான விசைப்பலகை உன் கையில் இருக்க வேண்டும், எந்த வழியை எடுத்தாலும்.

தமிழ் வழியில் படித்ததைக் கடிதத்தில் தயங்கித் தயங்கி எழுதியிருக்கிறாய். தமிழ்நாட்டுப் பாடநூலில் பன்னிரண்டாம் வகுப்பு கணினி அறிவியல் தமிழ் வழிப் புத்தகத்தை எடு. பைத்தான் முழுக்கத் தமிழில் இருக்கிறது, இணையத்தில் இலவசம். கூடவே ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல் இருக்கிறது; பத்து நிமிட அளவிலான வீடியோக்கள், தமிழ்க் குரலிலும் கிடைக்கின்றன, பார்த்துக்கொண்டே கூட அடிக்கலாம். பிழைச் செய்திகளின் ஆங்கிலத்துக்குப் பயப்படாதே. வருகிற சொற்களே திரும்பத் திரும்ப வரும். நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் எதிரே தமிழில் பொருளும், அது உனக்கு எப்போது வந்தது என்பதையும் எழுதி வை. சாட்ஜிபிடியிடம் கேட்டாலும் ‘இந்தப் பிழைக்கு என்ன அர்த்தம்’ என்று கேள். புரோகிராமையே எழுதித் தரச் சொன்னால் அது இன்னொரு டெலிகிராம்.

கல்லூரியில் விருப்பம் தெரிவிக்கக் கடைசி நாள் எது என்பதை நீ எழுதவில்லை. என்பிடெல்லில் பாடத்தில் சேர ஒரு கடைசித் தேதி, தேர்வுக்குப் பணம் கட்ட இன்னொரு தேதி. மூன்றையும் நாளைக்கே விசாரித்துவிடு. லேபை எட்டிப் பார்ப்பது அதற்குள் முடிய வேண்டும்.