பிராக் குளிர்காலப் பயணம்: பணத்தை எங்கே, எப்படி மாற்றுவது?

கேள்வி: நானும் மனைவியும் டிசம்பர் நடுவில் செக் குடியரசின் தலைநகரான பிராகுக்குச் செல்ல எண்ணியிருக்கிறோம். குளிர்காலத்தில் செலவு குறைவு என்கிறார்களே, உண்மையா? யூரோ வாங்கிக்கொண்டு போனால் போதுமா?

பதில்: செலவு குறைவது உண்மைதான், ஆனால் நீங்கள் தேர்ந்தெடுத்த வாரத்தில் அல்ல. பழைய நகரச் சதுக்கத்தில் கிறிஸ்துமஸ் சந்தை நடக்கும் டிசம்பரில் விடுதிக் கட்டணம் ஏறிவிடும். ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி வரைதான் அறைகள் மலிவாகக் கிடைக்கும். குளிரைத் தாங்க முடியுமென்றால் பயணத்தை ஒரு மாதம் தள்ளிப் போடுங்கள்.

செக் குடியரசு ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தாலும் அதன் நாணயம் கொருனாதான். சில கடைகள் யூரோவை வாங்கிக்கொள்ளும் என்றாலும், மாற்று விகிதத்தை அவர்களே வைப்பதால் நஷ்டம் உங்களுக்கே. நாணய மாற்று நிலையத்தில், பணத்தை நீட்டுவதற்கு முன்பே, கைக்கு எத்தனை கொருனா வரும் என்று எழுதிக் காட்டச் சொல்லுங்கள். 2019 ஏப்ரல் முதல் அங்கே ஒரு நல்ல சட்டம் நடைமுறையில் இருக்கிறது: 1,000 யூரோவுக்கு மிகாத தொகையை மாற்றியவர், விகிதம் மோசம் என்று தெரிந்தால், 3 மணி நேரத்துக்குள் அதே நிலையத்துக்குத் திரும்பிச் சென்று பரிவர்த்தனையை ரத்து செய்து பணத்தைத் திரும்பப் பெறலாம். ஆகவே ரசீதைத் தூக்கி எறியாதீர்கள். தெருவில் வந்து "நான் மாற்றித் தருகிறேன்" என்பவரிடம் இந்த உரிமையெல்லாம் செல்லாது; அவர் தருவது கொருனாவாகவே இல்லாமலும் போகலாம்.

ஏ.டி.எம். திரையிலோ கடையின் கார்டு இயந்திரத்திலோ, தொகையை ரூபாயில் அல்லது யூரோவில் கணக்கிடட்டுமா என்ற கேள்வி வரும். பார்க்க உதவி போலத் தெரியும் அந்தக் கேள்விக்கு எப்போதும் மறுப்புத் தெரிவித்து, கொருனாவிலேயே கணக்கிடச் சொல்லுங்கள். இல்லையெனில் இயந்திரம் நிர்ணயிக்கும் விகிதத்தில் பல சதவீதம் கூடுதலாகப் போய்விடும்.

சந்தையில் கனலில் வாட்டித் தரும் பன்றித் தொடைக் கறியைச் சாப்பிடுவதாக இருந்தால், பலகையில் உள்ள விலை பெரும்பாலும் 100 கிராமுக்கு மட்டுமே என்பதைக் கவனியுங்கள். விற்பவர் கத்தியை வைத்தால் 300 கிராமுக்கு மேல் வெட்டித் தராசில் போட்டுவிடுவார், பிறகு பேரம் பேச இடமில்லை. எத்தனை கிராம் வேண்டும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பிராக் கோட்டையின் கட்டடங்கள் நவம்பர் முதல் மார்ச் வரை மாலை 4 மணிக்கே மூடப்படும், தோட்டங்களும் திறக்கப்படா. எனவே காலையிலேயே சென்றுவிடுங்கள்.

கடைசியாக விசா. செக் குடியரசு உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் கட்டணம் திரும்பாது. விசா கைக்கு வரும்வரை, ரத்து செய்தால் முழுப் பணமும் திரும்பும் அறையை மட்டுமே பதிவு செய்யுங்கள்.