எழுதுகிறான், பேசமாட்டேன் என்கிறான்

கேள்வி: என் மகன் தொடக்கநிலை மூன்றில் படிக்கிறான். தமிழ் நன்றாக எழுதுகிறான். வாய்மொழிப் பயிற்சி என்றால் மட்டும் வாயே திறப்பதில்லை. வீட்டில் நாங்கள் ஆங்கிலம்தான். டியூஷனில் சேர்க்கட்டுமா, டீச்சர்?
– ஒரு தாய், ஈசூன், சிங்கப்பூர்

பதில்: இப்போதைக்கு வேண்டாம்மா. எழுதுகிறான் என்றால் சொற்கள் அவனிடம் இருக்கின்றன. பேச ஆள்தான் வேண்டும்.

என் வகுப்பில் ஒரு சிறுமி. படத்தைக் காட்டிப் பேசச் சொன்னால் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே நிற்பாள். ஒரு சனிக்கிழமை தேக்கா சந்தையில் அவளைப் பாட்டியோடு பார்த்தேன். கீரைக்காரரிடம், "அண்ணே, முருங்கைக்கீரை ரெண்டு கட்டு, பூச்சி இல்லாம பாத்துக் குடுங்க" என்கிறாள்! எனக்குக் கண் கலங்கிவிட்டது. திங்கட்கிழமை படத்தை மூடிவைத்துவிட்டு, "சந்தையில என்ன வாங்கினீங்க?" என்று கேட்டேன். மணியடிக்கும்வரை பேசினாள். "ரெண்டு" என்றதை நான் திருத்தவில்லை. பேச்சுத்தமிழுக்கு வகுப்பில் இடம் வேண்டும் என்று 2005இல் தமிழ்மொழிப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழுவே வலியுறுத்தியதே.

நீங்களும் இரவுச் சாப்பாட்டு நேரத்தைத் தமிழுக்கென்று வையுங்கள். உங்கள் தமிழ் தடுமாறினாலும் பரவாயில்லை. அவன் பேசும்போது நடுவில் திருத்தாதீர்கள், அது மிக முக்கியம். தாத்தா பாட்டி இருந்தால் தினமும் போனைக் கையில் கொடுத்துவிடுங்கள்.

அப்புறம், ஏப்ரலில் தமிழ்மொழி விழா வருகிறது. கதை சொல்லும் நிகழ்ச்சி ஏதாவது ஒன்றுக்கு அழைத்துப் போங்கள். முதல் வருடம் சும்மா உட்கார்ந்து கேட்கட்டும்.